எலும்பை எடுக்கக் கையெழுத்து வைத்த மகளுக்கு

கேள்வி: நாங்கள் திருகோணமலை, பாலையூற்று. அப்பாவுக்கு 57 வயது. படகு இஞ்சின் திருத்துகிறவர். பிரஷர் இருந்தது, குளிசையை ஒழுங்காகப் போடமாட்டார். இரண்டரை மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடது பக்கம் இழுத்துவிட்டது. முதல் நாள் கதைத்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் பின்னேரம் எழுப்பினாலும் எழும்பவில்லை. மூளை வீங்குகிறது என்று வேறு மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். மண்டையோட்டில் ஒரு பக்க எலும்பை எடுக்காவிட்டால் தப்பமாட்டார் என்று அங்கே இரவில் சொன்னார்கள். கனடாவிலிருக்கும் அண்ணா "செய்யச் சொல்லு" என்றான். மாமா "மண்டையைத் திறந்தால் ஆள் மரக்கட்டைதான்" என்றார். நான் கையெழுத்து வைத்தேன்.

இப்போது அப்பா வீட்டில். கதைக்கிறார். இடது கை அசையவில்லை. எடுத்த எலும்பை வயிற்றில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தலை அந்தப் பக்கம் குழிந்து கிடக்கிறது. கதிரையில் இருத்தினால் தலையிடி, சுற்று என்று படுக்கக் கேட்கிறார். கிளினிக் திகதிக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. கோப்பையில் பாதிச் சோற்றை அப்படியே விடுகிறார், கறி பிடிக்கவில்லை என்று அம்மா அழுகிறா. ஒரு நாள் "கைக்கு ஒன்றுமில்லை, நாளைக்கு வேலைக்குப் போறன்" என்கிறார். இன்னொரு நாள் "என்னை ஏன் இப்படி வைத்திருக்கிறீங்கள்" என்கிறார். மருந்தாலேயே வீக்கத்தை வற்ற வைத்திருக்கலாம், நான் அவசரப்பட்டுவிட்டேன் என்கிறார் மாமா. நான் செய்தது சரியா? எலும்பை எப்போது திரும்ப வைப்பார்கள்? அம்மாவுக்கும் பிரஷர், 66 வயது. அவவுக்கு இப்படி வந்தால் என்ன செய்வது? அம்மா கோணேசர் கோயிலுக்கு அப்பாவைக் கூட்டிவருவதாக நேர்த்தி வைத்திருக்கிறா, போகலாமா? அண்ணா மூளைக்குச் சத்து மருந்து அனுப்பவா என்று கேட்கிறான்.

பதில்: தங்கச்சி, "நான் செய்தது சரியா" என்பதுதான் உங்களுக்குப் பெரிய கேள்வி. அதற்கு வருகிறேன். அதற்கு முன் வேறொன்று. இருத்தினால் தலையிடியும் சுற்றும் வருகிறது, படுத்தால் சுகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக ஆறு கிழமை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே ஒப்பரேஷன் செய்த பிரிவுக்குத் தகவல் கொடுங்கள். நேரே போக முடியாவிட்டால் திருகோணமலை ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

காரணம் இதுதான். எலும்பு இல்லாத இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தோலைத் தாண்டி நேராக மூளையில் விழுகிறது. ஆளை நிமிர்த்தி இருத்தும்போது மூளையைச் சுற்றியிருக்கும் நீர் முதுகுத்தண்டுப் பக்கம் இறங்கும், குழி இன்னும் ஆழமாகும், அடியிலிருக்கும் மூளைக்கு இரத்த ஓட்டம் குறையும். சிலருக்குத் தலையிடியோடு நின்றுவிடும். சிலருக்குக் கை கால் பலவீனம் கூடும், பேச்சு குழறும், எதிலும் பிடிப்பில்லாமல் போகும். வீட்டார் "வருத்தம் திரும்பக் கூடுது" என்று பயப்படுவார்கள். ஆனால் இதற்கு மருந்து, எலும்பைத் திரும்ப வைப்பதுதான். வைத்த பிறகு நடையும் கவனமும் தெளிந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஆகவே இந்தத் தொல்லை, ஒப்பரேஷன் திகதியை முன்னுக்குக் கொண்டுவரக் காரணமாகலாம். கிளினிக்கில் வாயால் சொன்னால் கூட்டத்தில் காற்றோடு போய்விடும். எத்தனை நிமிடம் இருந்தால் தொடங்குகிறது, படுத்தால் எவ்வளவு நேரத்தில் குறைகிறது என்று எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். இருக்கும்போது ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று தலையைப் படம் எடுத்தும் காட்டுங்கள்.

இதற்கு நேர்மாறாக அந்த இடம் புடைத்து, இருக்கும்போதும் இறுகி நின்றால், அதோடு சத்தியோ காய்ச்சலோ தூங்கித் தூங்கி விழுவதோ இருந்தால், அது வேறு கதை. தலைக்குள் நீர் தேங்கியிருக்கலாம், கிருமி பிடித்திருக்கலாம். கிளினிக் திகதி பார்க்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சரி, இனி அந்த இரவு.

அப்பாவுக்கு மூளையின் வலது பக்கத்துப் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டிருக்க வேண்டும். இடது பக்கம் கடுமையாக விழுந்ததும், இரண்டாம் நாள் நினைவு மங்கியதும் அதைத்தான் காட்டுகின்றன. இரத்தம் கிடைக்காத மூளைக்கலங்கள் உள்ளே வரும் உப்பை வெளியேற்ற முடியாமல் திணறும். உப்போடு தண்ணீரும் உள்ளே புகும். பிறகு சிறு இரத்தக்குழாய்களும் கசியத் தொடங்கும். இது ஒரே நாளில் முடிவதில்லை. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வீக்கம் உச்சத்துக்கு வரும். முதல் நாள் கதைத்துக்கொண்டிருந்தவர் அடுத்த நாள் எழும்பாமல் போனதற்கு யாருடைய கவனக்குறைவும் காரணமாக இருக்கத் தேவையில்லை, இந்த நோயின் போக்கே அதுதான். மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே ஒரு பக்கம் வீங்கினால் நல்ல மூளை மறுபக்கம் தள்ளப்படும், பிறகு கீழே, மூச்சையும் இதயத்தையும் நடத்தும் மூளைத்தண்டின்மேல் அழுத்தும். கண்மணி ஒன்று விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்பது அதன் அடையாளம். அதற்கு முன்பே எலும்பை எடுத்துவிட வேண்டும்.

எடுப்பது சின்னத் துண்டு அல்ல. நெற்றிப் பக்கத்திலிருந்து காதுக்கு மேலாகப் பின்னுக்குப் போகும் பெரிய தகடு. குறுக்களவு குறைந்தது 12 சென்ரிமீற்றராவது இருக்கவேண்டும். சிறிதாக எடுத்தால் வீங்கிய மூளை அந்த ஓட்டையின் விளிம்பிலேயே நசிந்துவிடும். எலும்புக்குக் கீழிருக்கும் தடித்த உறையையும் திறந்து, இடம் விட்டு ஒட்டுப்போட்டு, தோலை மட்டும் மூடுவார்கள். செத்த மூளையை இந்த ஒப்பரேஷன் தொடுவதே இல்லை. வீங்க இடம் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றுவது மட்டும்தான் அதன் வேலை. அப்பாவின் இடது கை எலும்பை எடுத்ததால் போகவில்லை. முதல் நாளே, உங்கள் வீட்டிலேயே போய்விட்டது. மாமாவுக்கு இதை நிதானமாகச் சொல்லுங்கள்.

அவருடைய மருந்துக் கதைக்கும் பதில் இருக்கிறது. மனிற்றோல், உப்புக் கூடிய சேலைன் ஆகியவை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கப்படுபவைதான். உங்கள் அப்பாவுக்கும் அம்புலன்ஸில் ஏற்றுமுன் ஏதாவது கொடுத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டில் பாருங்கள். அவை சில மணித்தியாலம் தாக்குப்பிடிக்க உதவும். இவ்வளவு பெரிய வீக்கத்தை நாட்கணக்கில் அடக்கிவைக்க அவற்றால் பெரும்பாலும் முடியாது. மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு அருமையாக வேலை செய்யும் ஸ்டெரொயிட், பாரிசவாத வீக்கத்துக்கு உதவுவதில்லை.

பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2007இல் வெளியிட்டார்கள். 60 வயதுக்கு உட்பட்ட 93 பேர். ஒரு பகுதியினருக்கு 48 மணித்தியாலத்துக்குள் எலும்பை எடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தும் தீவிர சிகிச்சையும் மட்டும். ஒரு வருடம் கழித்து ஒப்பரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 78 பேர் உயிரோடு இருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 29 பேர். மாமா சொல்லும் மருந்து முழுவதும் அந்த இரண்டாம் கூட்டத்துக்குக் கிடைத்தது.

ஆனால் அந்த ஆய்வின் மறுபாதியையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அன்றிரவு உங்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தப்பிய அந்த 78 பேரில் 14 பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கும் அளவுக்கு வந்தார்கள். 29 பேர் தனியே நடந்தார்கள், ஆனால் சில காரியங்களுக்கு உதவி வேண்டியிருந்தது. 31 பேருக்கு நடக்கவும் குளிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. 4 பேர் முழுதாகப் படுக்கையில். பழையபடி ஆனவர் என்று ஒருவரும் இல்லை. மறுபக்கத்தில், மாமா சொல்லும் "மரக்கட்டை" என்ற நிலையில் இருந்தவர்கள் இரண்டு கூட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இந்த வயதில் ஒப்பரேஷன் பெரும்பாலும் அதிகமாக்கியது, உதவியோடு வாழ்கிறவர்களைத்தான்.

எங்கள் தொழிலில் எனக்குள்ள பெரிய குறை இது. எலும்பை எப்படி எடுப்போம், எங்கே தைப்போம் என்று விபரமாகச் சொல்கிறோம். ஆறு மாதம் கழித்து அந்த ஆள் காலையில் கட்டிலை விட்டு எப்படி இறங்குவார், அவரை யார் இறக்குவார் என்று சொல்வதில்லை. இரவில், வார்ட் வாசலில், நேர்ஸ் மிஸ் நீட்டும் தாளில் பெற்ற பிள்ளை கையெழுத்து வைக்கிறது. நேரமில்லை என்பது உண்மைதான். என்றாலும் அந்த இரண்டு வசனத்துக்கு நேரம் இருக்கும்.

உங்களுக்கு என் பதில்: சரிதான். 57 வயது, இரண்டாம் நாள், வலது பக்க மூளை, பேச்சு தப்பியிருக்கிறது. உங்கள் அப்பா என் முன்னால் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். முடிவு நன்றாக வந்ததால் இதைச் சொல்லவில்லை. அவர் அன்று மேசையிலேயே போயிருந்தாலும் உங்கள் கையெழுத்து சரியான கையெழுத்துத்தான்.

"ஏன் இப்படி வைத்திருக்கிறீங்கள்" என்று அவர் கேட்பதை உங்கள் மேலான குற்றச்சாட்டாக எடுக்க வேண்டாம், ஆனால் காதில் வாங்காமலும் விடவேண்டாம். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது குளிசையாலும் பேச்சாலும் குறையக்கூடியது. கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். சாப்பாடு, நித்திரை குறைந்தாலோ, சாவைப் பற்றி அடிக்கடி கதைத்தாலோ அடுத்த திகதி வரை வைத்திருக்காதீர்கள். இந்த ஒப்பரேஷனில் தப்பியவர்களிடமும் வீட்டாரிடமும் பிறகு கேட்ட ஆய்வுகள் பல உண்டு. "திரும்ப அதே நிலை வந்தால் சம்மதிப்பீர்களா" என்றதற்குப் பெரும்பாலானோர் ஆம் என்றே சொல்லியிருக்கிறார்கள், கை கால் வழங்காதவர்களும் சேர்த்து.

இனி அந்தப் பாதிச் சோறு. அம்மாவை அழவேண்டாம் என்று சொல்லுங்கள். கறியில் பிழை இல்லை. வலது பக்க மூளை அடிபட்டவர்களில் பலருக்கு இடது பக்க உலகம் கவனத்தில் வராது. கண் தெரியாமல் இல்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கோப்பையின் வலது பாதி முடிந்தால் அவருக்குச் சோறு முடிந்துவிட்டது. கோப்பையைத் திருப்பி வைத்துப் பாருங்கள், மிச்சத்தையும் சாப்பிடுவார். "கைக்கு ஒன்றுமில்லை, நாளைக்கு வேலைக்குப் போறன்" என்பதும் இதே அடிபாட்டின் இன்னொரு முகம். பொய் சொல்லவில்லை, பைத்தியமும் இல்லை. தன் கை விழுந்துவிட்டது என்ற செய்தியே அவருக்குப் போய்ச் சேரவில்லை. அதற்காக வாதாடாதீர்கள். ஆனால் இந்த நம்பிக்கையில் தனியே எழும்பி நடக்கப் பார்ப்பார், விழுவார். எலும்பில்லாத தலையோடு விழுவது பெரிய ஆபத்து. ஆள் பக்கத்தில் இருக்கவேண்டிய காரணம் இதுதான்.

கதைக்கும்போது இடது பக்கத்தில் இருந்து கதையுங்கள், முதலில் தொட்டுக் கூப்பிடுங்கள். சோற்றுக் கோப்பையின் இடது ஓரத்தில் பளிச்சென்று சிவப்பு நாடா ஒன்று ஒட்டி, "சிவப்பைக் கண்டபிறகுதான் சாப்பிடவேண்டும்" என்று பழக்குங்கள். அவர் இஞ்சின் ஆள் அல்லவா? பழைய ஸ்பானர்களை மேசையில் இடமிருந்து வலமாகப் பரப்பி, அளவுப்படி எடுத்துத் தரச்சொல்லுங்கள். பிசியோ கொடுக்கும் பயிற்சியைவிட இதில் அதிக நேரம் இருப்பார் என்பது என் ஊகம்.

கால் கையைவிட நன்றாகத் திரும்பும். கால் பகுதி மூளைக்கு வேறொரு இரத்தக்குழாயிலிருந்தும் இரத்தம் வருவது ஒரு காரணம். பொல்லோடு நடப்பது நடக்கக்கூடிய காரியம். கை விரல்கள் இரண்டரை மாதத்தில் சற்றும் அசையவில்லை என்றால், ஸ்பானர் பிடிக்கும் கையாக அது திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தக் கையைக் கைவிடக் கூடாது. தோள்மூட்டு எளிதில் நழுவும். கட்டிலில் இருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், வருகிற சொந்தக்காரரையும் இழுக்க விடாதீர்கள். வீட்டில் சமாளிக்க முடியாது என்று தோன்றினால், ராகமையில் இருக்கும் அரச புனர்வாழ்வு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

வயிற்றிலிருக்கும் எலும்பைப் பார்த்து அயலார் பயப்படுகிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை. தோலுக்கடியில் கொழுப்புக்குள் இருக்கும்போது அது கிருமிபடாமல் கிடக்கும். அதற்கென்று தனிக் குளிரூட்டி வேண்டியதில்லை, ஆஸ்பத்திரி மாறினாலும் எலும்பு ஆளோடேயே போகும். பொதுவாக மூன்று மாதமளவில், வீக்கம் வற்றி, காயம் ஆறி, கிருமி இல்லை என்று உறுதியானதும் திரும்ப வைப்பார்கள். நீண்டநாள் விட்டால் எலும்பு கொஞ்சம் கரையலாம். அப்படிப் பொருந்தாவிட்டால் ரைற்றேனியத் தகடோ எலும்புச் சீமெந்தோ வைப்பார்கள், அதுவும் நல்லதுதான். வயிற்றில் அந்த இடம் சிவந்து, சூடாகி, நொந்தால் உடனே காட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக. காயம் முழுதாக ஆறியிருந்தால் தலைக்கு மெதுவாக வார்க்கலாம். வலது பக்கம் தலையைச் சரித்துப் படுக்கவிடாதீர்கள். எழும்பி நடக்கும் நேரத்தில் பாரமில்லாத சைக்கிள் ஹெல்மெட், உள்ளே மெத்தென்ற துணியோடு, அந்த இடத்தில் அழுத்தாமல். வலிப்பு வரலாம்: ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 1990. கையில் திறப்பு கொடுப்பதும் பல்லுக்குள் கரண்டி திணிப்பதும் எதற்கும் உதவாது. கோணேசர் கோயிலுக்கு, எலும்பைத் திரும்ப வைத்து ஆள் தேறிய பிறகு போங்கள். திருவிழாக் கூட்டத்தில் வேண்டாம், வெயில் ஏறுமுன், சரிவில் நடக்கவைக்காமல். நேர்த்திக்கு அவசரத் திகதி கிடையாது.

அம்மாவைப் பற்றிய கேள்விக்கு அப்பாவின் பதிலை அப்படியே தூக்கி வைக்க முடியாது. 60 தாண்டியவர்களில் இதே ஒப்பரேஷனை ஜெர்மனியில் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 61 வயதிலிருந்து 82 வரை, 112 பேர். மரணம் நூற்றுக்கு 70இலிருந்து 33 ஆகக் குறைந்தது. ஆனால் ஒருவர்கூடத் தன் வேலையைத் தானே பார்க்கும் நிலைக்கு வரவில்லை. ஒப்பரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 7 பேர் மட்டும் தனியே நடந்தார்கள், 32 பேருக்குப் பெரும்பாலான காரியங்களுக்கு உதவி தேவைப்பட்டது, 28 பேர் முழுதாகப் படுக்கையில். 57 வயதில் செய்யுங்கள் என்று சொல்லும் நான், 66இல் முதலில் கேட்பேன்: இந்த அம்மா எப்படிப்பட்டவ? சக்கர நாற்காலியில் இருந்தாவது பேரப்பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்பவவா, ஒரு நாள்கூட மற்றவர் கையால் கழுவ விடமாட்டேன் என்பவவா? இரண்டும் மரியாதையான பதில்தான். அதை இரவு வார்ட் வாசலில் நீங்கள் ஊகிக்கக் கூடாது. அவ இப்போது அப்பாவைக் கண்முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறா, இதைவிட நன்றாக விளங்கும் நேரம் வராது. தேத்தண்ணி குடிக்கும்போது கேளுங்கள். அவ சொன்னதை அண்ணாவுக்கும் மாமாவுக்கும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். (பின்தலையில் இருக்கும் சிறுமூளை வீங்கினால் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே எலும்பை எடுத்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறார்கள், ஆகவே மூளையின் எந்தப் பகுதி என்று டொக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.)

இதெல்லாம் வராமலிருக்க அவ பிரஷர்க் குளிசையை நாள் தவறாமல் போடட்டும். முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் 1990. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும், அதற்கு முன் ஸ்கான் எடுக்கவேண்டும். குச்சவெளி, வெருகல் பக்கத்திலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குப் பயண நேரமும் அதற்குள் அடங்கவேண்டும். காத்திருக்கும்போது கொத்தமல்லித் தண்ணி பருக்காதீர்கள், விழுங்க முடியாமல் நெஞ்சுக்குள் போய்விடும். அஸ்பிரினும் கொடுக்காதீர்கள், வந்தது அடைப்பா இரத்தக்கசிவா என்று ஸ்கான் சொல்லும்வரை அது விஷமாகலாம்.

அண்ணாவுக்கு: மூளைக்குச் சத்து என்று போத்தலில் வருகிற எதையும் அனுப்பவேண்டாம். இவ்வளவு பெரிய பாரிசவாதத்தில் இழந்த கையைத் திருப்பித் தந்ததாக நிரூபிக்கப்பட்ட குளிசை இல்லை. அந்தக் காசில் கிழமைக்கு இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்து போகும் பிசியோ ஒருவரை ஒழுங்குபண்ணலாம், குளியலறையில் பிடிகம்பி போடலாம், படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வாங்கலாம். இன்னும் மிஞ்சினால், மாதத்தில் சில நாள் அப்பாவோடு இருக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கட்டும், நீங்களும் கொஞ்சம் நித்திரை கொள்ளலாம்.